பூஜ்யம் புள்ளி ஒன்று

சிலிம் ரீவரில் மழை
ஐந்தேகாலுக்கு விட்டது.
செம்பனை ஆலையின் லாரி நிறுத்துமிடத்தில்
மஞ்சள் சாயத்தில் ஓர் ஏணி,
தரையோடு படுத்துக் கிடக்கிறது.
பத்துக் கட்டம். எங்கும் ஏறாது.

கோடு போட்டவன் ஜீவேந்திரன்.
ஃபோர்க்லிஃப்ட் பாதைக்கு அடித்து மிஞ்சிய சாயம்.
நேராக இல்லை என்று
முதல் நாளே சண்டை பிடித்தான் ஹஃபிஸ்.
நான்காம் கட்டம் சிறுத்தது,
ஏழாவது கொஞ்சம் பெருத்தது.
நம்மைப் போல, என்றேன்.
யாரும் சிரிக்கவில்லை.

கூம்புக்குப் பதில் மைலோ டின்,
உள்ளே ஆளுக்கொரு கல்.
இடறினால் ஆலைக்கே கேட்கும்.

வலது உள்ளே, இடது உள்ளே,
வலது வெளியே, இடது வெளியே.
முன்பாதம், முன்பாதம்,
குதிகாலை மறந்துவிடு,
கீழே பார்க்காதே என்று கத்துகிறான் ஜீவா.

எனக்கு முப்பத்தாறு. இடது பேக்.
எட்டு மணி நேரம் ஃபோர்க்லிஃப்டில் உட்கார்ந்த இடுப்பு
இன்னும் அதிலேயே உட்கார்ந்திருக்கிறது.
மூளை மூன்றாம் கட்டத்தில்,
கால் இரண்டில்,
முட்டி வேறு ஊரில்.
கோழி ஒன்று ஏணியைக் கடந்து போகிறது,
ஒரு கோட்டையும் மிதிக்காமல்.

அப்புறம் அந்த ஓட்டம்.
நடு டின்னிலிருந்து வலப்பக்கம் ஐந்து மீட்டர்,
தரையைத் தொட்டு இடப்பக்கம் பத்து,
தொட்டு, மறுபடி ஐந்து.
சொன்னால் இவ்வளவுதான்.
ஈரத் தாரில் எண்ணெய் மினுக்கும்.
ஓடுவது கடினமில்லை என்று
அங்கேதான் தெரிந்துகொண்டேன்.
நிற்பதுதான்.
முழு உடம்பும் கொட்டிக்கொண்டு போகையில்
அதைப் பிடித்து, மடக்கி, தாழ்த்தி,
ஒரே அடியில் நிறுத்தி,
வந்த திசைக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும்,
கைமாற்று வாங்கிய காசைப் போல,
அன்றைக்கே.

ஆறு புள்ளி நான்கு, என்றான் ஜீவா, ஜனவரியில்.
ஆறு புள்ளி நான்கு, பிப்ரவரியில்.
மார்ச்சில் கணுக்கால் சுளுக்கு.
லோகநாயகி தைலம் தேய்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை,
கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாள்.
ஏப்ரலில் ஆறு புள்ளி மூன்று.
கைப்பேசியைத் தட்டிப் பார்த்துவிட்டு
இன்னொரு தடவை ஓடவிட்டான்.
மூன்றேதான்.

அந்த ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது?
ஒரு முறை இமைக்கக்கூடப் போதாது.
லாரிக் குலையிலிருந்து ஒரு பழம் உதிர்ந்து
தரைக்கு வருவதற்கே
அதைப் போல ஐந்தாறு வேண்டும்.
நான்கு மாதச் சனிக்கிழமைகளைப் பிழிந்தால்
இவ்வளவுதான் எண்ணெய்.

ஞாயிறு, பள்ளித் திடல்,
தஞ்சோங் மாலிம் பையன்கள்.
அவர்களுடைய வலது ஓரத்தில்
பத்தொன்பது வயது, ஏழாம் எண்.
முதல் பாதியில் நான்கு முறை என்னைக் கடந்தான்.
நான்காம் முறை, மரியாதையாக,
‘சாரி அங்கிள்’ என்றான்.

எழுபத்தோராம் நிமிடம்
மறுபடி வந்தான்.
தோளை உள்ளே காட்டி
பந்தை வெளியே தள்ளினான்.
வழக்கம்போல நான் உள்ளே போனேன்.
போனவன்
நின்றேன்.
இடுப்பு தானாகத் தாழ்ந்தது,
நான் சொல்லவே இல்லை.
ஊன்றிய காலிலிருந்து உடம்பு திரும்பி வந்து
பூட்ஸின் நுனி, நுனிக்கும் நுனி
பந்தில் பட்டது.
கோட்டைத் தாண்டி வாய்க்காலில் விழுந்தது பந்து.
த்ரோ. அவர்களுக்குத்தான்.

யாரும் கைதட்டவில்லை,
தட்ட அங்கே ஒன்றுமில்லை.
இரண்டுக்குப் பூஜ்யம், தோற்றோம்.
ஆனால் பந்தை எடுக்கக் குனியும் முன்
ஏழாம் எண் ஒரு தடவை பார்த்தான்,
என் முகத்தை அல்ல,
கால்களை.

இரவெல்லாம் குலை லாரிகள் ஏறி
திங்களன்று
நான்காம் கட்டம் பாதி அழிந்திருந்தது.
கால் டின் சாயம் இருக்கிறது, என்றான் ஜீவா.
இந்தத் தடவையாவது நேராகப் போடு, என்றான் ஹஃபிஸ்.
வேண்டாம், என்றேன்,
அதைச் சின்னதாகவே போடு.
காலுக்கு அது பழகிவிட்டது.